கஜுவைப் பொறுக்கி எடுத்த பாயசம்

ஹம் நகர ரயில் நிலையத்துக்கு முன்னால் நத்தார்ப் பண்டிகைச் சந்தை போட்டுவிட்டார்கள். நேற்று வேலை முடிந்து, மீனுவை ரயிலிலிருந்து கூட்டிவர அங்கே நின்றேன். செப்புச் சட்டியில் சீனிப்பாகு கொதிக்க, ஒருவர் அதற்குள் பாதாமைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார். போகிறவர்கள் எல்லாரும் அந்த மணத்துக்கு ஒரு கணம் நின்று, முகம் மலர்ந்து போனார்கள்.  என் கை தன்பாட்டில் பைக்குள் போய், கொட்டை வகை ஒவ்வாத மீனுவுக்கென்று வைத்திருக்கும் ஊசிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தது.

உன் மகள் அதைக் கண்டுவிட்டாள். பதினொரு வயது. தோளில் பள்ளிப்பை, காதில் உன்னுடைய சின்னத் தோடு.

"பெரியம்மா, மணத்தாலை எனக்கு ஒண்டும் வராது. டொக்டர் சொன்னவர்தானே. நீங்கள் சும்மா பயந்து சாகாதேங்கோ."

அந்தக் கடைசிச் சொல்லை இழுத்த விதம் அப்படியே நீ. நான் அவளின் கையைப் பிடித்து வேகமாக நடந்தேன். இன்று காலை பிள்ளைகள் எழும்ப முதல் மேசையைத் துடைத்துவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் இது மூன்றாவது பனிமாரி.

நாங்கள் சந்தித்தது பிள்ளைகள் ஆஸ்பத்திரியில். ஒவ்வாத உணவை டொக்டரின் கண்முன்னே துளித்துளியாகக் கொடுத்துப் பார்க்கிற சோதனைக்கு இரண்டு பேரும் வந்திருந்தோம். ஒரே அறை, இரண்டு கட்டில். என் கவினுக்கு அன்று முட்டை, உன் மீனுவுக்குப் பால். இரண்டு பேருக்கும் நாலு வயதுகூட ஆகவில்லை. நான் என் ஊசிப் பெட்டியை அணைத்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தேன். பாலர் பள்ளியில் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் கேக்கைத் தின்று கவின் நீலம் பாரித்து, அம்புலன்ஸில் போய் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே பொறுப்பாக இருந்த பெண்மணி, இனி அவனைத் தங்களால் வைத்திருக்க முடியாது என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து கல்யாணம் முடித்து வந்த எனக்கு அந்த மரியாதையை மறுத்துப் பேச ஜெர்மன் போதவில்லை.

"அக்கா, நீங்கள் தமிழோ? அப்பாடா. எனக்கு விசர் பிடிக்கப் பாத்தது" என்றாய். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். கெல்சென்கிர்ச்சனில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்தாய்; மீனுவுக்காக அதை விட்டிருந்தாய்.

கவின் முட்டையைத் தாங்கிக்கொண்டான். நான் அழுதேன், நீ என் முதுகைத் தட்டினாய். கொஞ்ச நேரத்தில் மீனுவின் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. இருமினாள். தாதிமார் ஓடிவந்தார்கள். நீ அவளை மடியில் வைத்துக்கொண்டு, பாதியில் நின்ற நரிக்கதையைக் குரல் மாறாமல் சொல்லிக்கொண்டே இருந்தாய். ஊசி ஏறி, மூச்சுச் சீராகி, அவள் கண்ணயர்ந்த பிறகுதான் எழும்பினாய். "ஒருக்காப் பிடியுங்கோ" என்று அவளை என்னிடம் தந்துவிட்டுக் குளியலறைக்குள் போனாய். நீ சத்தி எடுக்கிற சத்தம் வெளியே கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "உங்கடை நம்பரைத் தாங்கோ அக்கா" என்றாய்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் பிள்ளைகளை நாங்கள்தான் படிப்பித்தோம். ஒருநாள் நான் கவினோடு ரயிலேறி உன்னிடம் வருவேன், ஒருநாள் நீ மீனுவோடு ஹம்முக்கு வருவாய். ரயிலில் ஏறியதும் இருக்கையை, கைபிடியை, சின்ன மேசையை எல்லாம் துடைப்பாய். எதிரில் பாணும் சீஸும் தின்பவர்கள் முறைத்துப் பார்ப்பார்கள். உன் சமையலறை மேசைதான் பள்ளிக்கூடம். காலையில் எண், பிறகு ஜெர்மன், சாப்பாட்டுக்குப் பிறகு தமிழ். ஒரு பக்கம் சோறு வெந்துகொண்டிருக்கும், மறுபக்கம் கவின் 'அ'வை வலமிடம் மாற்றி எழுதிக்கொண்டிருப்பான். என் மூத்தவள் பள்ளியால் வர முதல் ஓடிவந்து ரயிலைப் பிடிக்க வேண்டும். மாலையில் முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. வீடு எப்போதும் அரைகுறையாகக் கிடந்தது. என் கணவர் அதற்கு முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். உன்னிடம் சொன்னபோது, "தூசியிலை ஒருத்தரும் சாகேல்லை எண்டு சொல்லுங்கோ" என்றாய்.

வாசிக்கப் பழக்க நீ புத்தகம் எடுக்கவில்லை. பிஸ்கட் பெட்டிகளையும் சோஸ் போத்தல்களையும் அடுக்கிவைத்தாய். அதன் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் பிள்ளைகள் விரல் வைத்து வாசிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் முதலில் 'மாமா'வையோ 'பூனை'யையோ வாசிக்கும். மீனு முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்த சொல் 'ஸ்பூரன்'. தடயங்கள். இந்தப் பொருளில் கொட்டை வகைகளின் தடயங்கள் இருக்கலாம் என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருப்பார்களே, அந்தச் சொல். அவள் வாசித்துவிட்டுப் பெருமையோடு உன்னைப் பார்த்தாள். நீ கை தட்டினாய். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நெடுநேரம் சோற்றைக் கிளறினாய்.

சனங்களோடு பட்டபாடு தனிப் பாடு. கோயில் திருவிழா, பூப்புனித நீராட்டு, கல்யாணவீடு, எங்கே போனாலும் பிள்ளைகளின் கையில் சாப்பாட்டுப் பெட்டி. "எங்கடை பிள்ளைகளுக்கு இப்பிடி ஒரு வருத்தம் ஊரிலை இருந்ததே?" என்பார்கள். "ஒரு வாய் குடுத்தா என்ன, குடுத்துக் குடுத்துத்தானே பழக்கிறது" என்பார்கள். ஒரு கல்யாணவீட்டில் நான் மேசைமேசையாகப் போய்ச் சொல்ல வெட்கப்பட்டு நின்றேன். நீ என் காதோடு சொன்னாய்: "எனக்கும் வெக்கம்தான் அக்கா. பிள்ளை செத்தா அந்த வெக்கத்தைக் கொண்டுபோய் எங்கை வைக்கிறது?" சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போனாய்.

ஆறு வயது நெருங்கியதும் உனக்கு நித்திரை போய்விட்டது. இப்படியே வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாமா என்று பள்ளி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாய். நானும் பக்கத்தில் இருந்தேன். அந்த மனிதர் பொல்லாதவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த நாட்டில் பிள்ளை பள்ளிக்கூடம் போயே ஆகவேண்டும், அது சட்டம் என்றார். அமெரிக்காவில் செய்கிறார்களே என்றாய். இது அமெரிக்கா இல்லை என்றார். வெளியே வந்து படியில் இருந்துவிட்டாய். "அவர் சொல்லிறதும் சரிதான் அக்கா. எத்தினை நாளைக்குப் பொத்திப் பொத்தி வைக்கிறது? ஆனா எனக்கு ஏலாமக் கிடக்கு."

பள்ளி தொடங்கும் நாளில் இங்கே எல்லாப் பிள்ளைகளும் இனிப்பு நிரப்பிக் கொண்டுபோகும் பெரிய காகிதக் கூம்பு, மீனுவுக்கு நீ கட்டிக்கொடுத்தது, நினைவிருக்கிறது. மற்றவர்களுடையதில் சொக்கிளேற் பிதுங்க, அவளுடையதில் நிறப் பென்சில்களும் ஒரு பூதக்கண்ணாடியும். அவள் குறைப்படவில்லை. அந்தக் கண்ணாடியை வைத்து மற்றப் பிள்ளைகளின் சொக்கிளேற் உறையை வாசித்துக்கொடுத்தாளாம்.

அந்த மாரியிலேயே கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். எல்லாப் பிள்ளைகளும் வீட்டில். தொலைபேசியில் சிரித்தாய்: "பாத்தியளோ அக்கா, நான் கேட்டதைக் கடவுள் முழு நாட்டுக்கும் குடுத்திட்டார்." சிரிப்பு முடிய, நெஞ்சில் ஏதோ கட்டி மாதிரித் தட்டுப்படுகிறது என்றும் சொன்னாய். உடனே டொக்டரிடம் போ என்றேன். "பிள்ளையை வீட்டிலை ஆரிட்டை விட்டிட்டுப் போறது? இவருக்கு வேலை. பள்ளி திறக்கட்டும், போறன்." அடுத்த கிழமையும் கேட்டேன், அதற்கடுத்த கிழமையும் கேட்டேன். பள்ளி திறந்தபோது அது கையிடுக்கு வரை பரவியிருந்தது.

உன் புற்றுநோய் வருத்தத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. நீயும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. மருந்து ஏற்றிவிட்டு வந்த நாட்களில் சமையல் மணம் உனக்கு ஆகாது. கதவைப் பூட்டிக்கொண்டு அறைக்குள் இருந்தபடியே உன் மனுசன் ரூபனுக்கு என்ன சமைப்பதென்று கத்திச் சொல்லுவாய். பாவம் அந்த மனிதன். தொழிற்சாலையில் இரும்பைத் தூக்குகிறவர், ஊசியைக் கண்டால் தலைசுற்றி விழுந்துவிடுவார். மீனுவின் அட்ரினலின் ஊசியை அவர் ஒருநாளும் கையில் எடுத்ததில்லை. அது உன் வேலையாகவே இருந்தது.

கடைசி மாதத்தில் நான் பார்க்க வந்தபோது அவரைக் கட்டிலுக்கு முன்னால் கதிரையில் இருத்தியிருந்தாய். கையில், பேனை மாதிரியான அந்த அட்ரினலின் ஊசியின் பழகும் பிரதி, உள்ளே ஊசியில்லாதது. தொடையில் வைத்து அழுத்து, எண்ணு, எடு. திரும்பவும். அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்தார்.

"கண்ணைத் திறவுங்கோப்பா. எங்கை குத்திறியள் எண்டு தெரியவேணும்."

"எனக்குப் பயமாக் கிடக்கடி."

"பயப்பிடுங்கோ. நான் வேண்டாமெண்டேல்லை. குத்திப்போட்டுப் பயப்பிடுங்கோ."

பேசி முடிக்க உனக்கு மூச்சு வாங்கியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பவும் தன் தொடையில் அழுத்தினார். நான் வாசலிலேயே நின்றேன்.

நீ போன முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். சுவிஸிலிருந்தும் பாரிஸிலிருந்தும் உன் சொந்தங்கள் வந்திருந்தார்கள். ரூபன் ஈர வேட்டியோடு ஐயருக்கு முன்னால் இருந்தார். உனக்குப் பிடித்ததெல்லாம் படையலில் இருந்தது. சமைத்தவர்களிடம் மீனுவைப் பற்றிப் பலமுறை சொல்லியிருந்தோம். அவளுக்கு நான் வேறாகச் சமைத்துக் கொண்டுபோயிருந்தேன். அவள் அதைத் தொடவில்லை. மேசைக்குக் கீழே கவினோடு இருந்தாள்.

நான் இலை போட எழும்பிப் போன நேரம், உன் அப்பாவின் தங்கை மீனுவை மடியில் தூக்கி வைத்திருக்கிறா. உன்னைத் தூக்கி வளர்த்தவ அவதான். தாயில்லாப் பிள்ளை பட்டினி கிடக்கிறதே என்று அவவுக்கு வயிறு எரிந்திருக்கிறது. பாயசத்தை ஊட்டியிருக்கிறா.

மீனு என்னிடம் வந்து என் சேலையைப் பிடித்தாள்.

"பெரியம்மா, தொண்டைக்குள்ளை ஒரு மாதிரி இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். சொண்டு வீங்கத் தொடங்கியிருந்தது.

"என்ன சாப்பிட்டனி? மீனு, என்ன சாப்பிட்டனி?"

பின்னால் வந்த மாமி கையில் கிண்ணத்தோடு நின்றா. "பால் விடேல்லைப் பிள்ளை, தேங்காய்ப்பால்தான். கஜுவை எல்லாம் நான் பொறுக்கி எடுத்துப்போட்டுத்தான் குடுத்தனான்" என்றா.

பொறுக்கி எடுத்தாவாம். நெய்யில் பொரித்து, பாயசத்தோடு கொதித்து, சாறெல்லாம் இறங்கிய அந்த முந்திரிப்பருப்பை. நான் கத்தினேன் போலிருக்கிறது. ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். நான் பையைத் திறந்து ஊசிப் பெட்டியை எடுப்பதற்குள் ரூபன் வந்துவிட்டார். மேலில் சட்டையில்லை, விரலில் தர்ப்பை. என் கையிலிருந்து பேனையைப் பறித்தார். மூடியை இழுத்தார். மீனுவைத் தரையில் படுக்க வைத்து, காலை ஒரு கையால் அமர்த்திப் பிடித்து, கண்ணை அகலத் திறந்தபடி, தொடையில் குத்தினார். வாய்விட்டு எண்ணினார். ஊசியை எடுத்தபிறகுதான் அவருக்கு உடம்பெல்லாம் உதறத் தொடங்கியது. மண்டபத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் இருந்து பல் கிட்டிக்க நடுங்கினார். நான் அம்புலன்ஸுக்கு அடித்தேன்.

"கிரியையைப் பாதியிலை விட்டிட்டு எழும்பக்கூடாது" என்று யாரோ ஒரு பெரியவர் சொன்னார். ரூபன் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஈர வேட்டிக்கு மேலே யாரோ கொடுத்த மாரிக்கோட்டை மாட்டிக்கொண்டு அம்புலன்ஸில் ஏறினார். மிச்சத்தை உன் தம்பி செய்து முடித்தான் என்று பிறகு அறிந்தேன். மாமி மூலையில் இருந்து தலையில் அடித்து அழுதா. அவவைத் தேற்ற எனக்கு அன்று மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்திருக்க, பின்னேரம் திரும்பவும் ஒருதரம் வந்தது. மூச்சு இழுத்தது. எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். நானும் ரூபனும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரே வீட்டில் இன்னொன்றா என்று மட்டும்தான் நினைத்தேன். அதைத் தாண்டி எதையும் நினைக்க முடியவில்லை. ஒரு டொக்டர் வந்து, பிள்ளை மூச்சு விடுகிறாள் என்றார்.

உள்ளே போனபோது முகமெல்லாம் வீங்கி, ஒரு கண் மூடியபடி கிடந்தாள். குரல் வரவில்லை, காற்றாகத்தான் வந்தது.

"அப்பா, அம்மாவுக்குச் சாப்பாடு போய்ச் சேந்துதோ?"

ரூபன் என்னைப் பார்த்தார். நான்தான், "ஓம், சேர்ந்திருக்கும்" என்றேன். 

அதற்குப் பிறகு அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வெறும் சோறும் உப்பும். அதுவும் தான் அரிசி கழுவி, தான் பார்க்க வெந்தால் மட்டும். இருந்த இடத்தில் இருந்து மெலிந்தாள். பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள். சொந்தங்கள் அவளைச் சுவிஸுக்குக் கொண்டுபோகக் கேட்டார்கள். ரூபன் மறுத்துக் கதவைச் சாத்தினார். டொக்டரின் கடிதத்தின் பேரில், சட்டம் சொன்ன அதே பள்ளி அலுவலகம் வீட்டுக்கே ஓர் ஆசிரியையை அனுப்பியது. கிழமையில் சில மணித்தியாலம். மிச்ச நேரத்துக்கு நான் போனேன். நீ கெஞ்சிக் கேட்ட வீட்டுப் பள்ளி இப்படித்தான் கிடைத்தது. அதே சமையலறை மேசை. ஒருபக்கம் அவள், மறுபக்கம் நான், நடுவில் பின்னக் கணக்கு. அரைவாசி, கால்வாசி என்று சொல்லிக்கொடுக்க வழக்கமாகத் தோடம்பழத்தை வெட்டுவோம். அவள் வெட்ட விடவில்லை. "சாப்பாட்டை வைச்சுப் படிக்கேலாது பெரியம்மா" என்றாள். காகிதத்தை மடித்துப் படித்தோம்.

வீட்டில் என் கணவர் ஒருநாள் கேட்டார்: "எங்களுக்கும் இரண்டு பிள்ளையள் இருக்கு. எத்தினை நாளைக்கு இந்த ஓட்டம்?" அவர் கேட்டதில் பிழையில்லை. கவினுக்கும் அப்போது பத்துக் கணக்கில் இரண்டுதான் சரிவரும். நான் கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனேன்.

இப்போது மீனு பள்ளிக்குப் போகிறாள். பருப்பு சாப்பிடுகிறாள், பாண் சாப்பிடுகிறாள். ஆனால் ஒருவர் முன்னாலும் சாப்பிடமாட்டாள். என் வீட்டிலும் தட்டை எடுத்துக்கொண்டு கவினின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எது மாறும், எது மாறாது என்று எனக்குத் தெரியவில்லை. ரூபனின் தலை முழுக்க வெள்ளை. மாமி ஒவ்வொரு மாதமும் பாரிஸிலிருந்து தொலைபேசி எடுத்து, "பிள்ளை சாப்பிட்டதோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவா. இப்போது நான் அவவோடு கதைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இந்த இலையுதிர்காலத்தில் மீனுவின் வகுப்பில் பெற்றோர் கூட்டம். ரூபனுக்குப் பின்னேர வேலை. என்னைப் போகச் சொன்னார். வகுப்பு மூன்று நாள் வெளியூர் போகிறது, அங்கே தங்குமிடத்தின் சமையலறைக்குள் கொட்டை வகை கொண்டுவரவேண்டாம் என்று ஆசிரியர் சொல்ல, ஒரு தகப்பன் கையை உயர்த்தினார். ஒரு பிள்ளைக்காக இருபத்தைந்து பிள்ளைகள் ஏன் கட்டுப்பட வேண்டும், அந்தப் பிள்ளையை வீட்டில் நிறுத்தலாமே என்றார். சிலர் தலையாட்டினார்கள்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. எழும்பி நின்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், ஆண்பால் பெண்பாலெல்லாம் பிழையாக, அவள் சின்னப் பிள்ளையில் இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள், தாய் போனபிறகு ஒரு வருடம் வீட்டில் இருந்தாள், இனி இருக்கமாட்டாள், வெளியூருக்கும் வருவாள், ஊசி போடப் பழக்கவேண்டுமென்றால் நான் இங்கே நின்று எல்லாருக்கும் பழக்குகிறேன் என்றேன். என் குரல் பெரிதாகிவிட்டது. 

ஆசிரியர் தன் தாளைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார், நீங்கள் மீனுவின் தாயா என்று.

"இல்லை" என்றேன். "தாய் இறந்துவிட்டார். நான் வந்திருக்கிறேன்."

அவர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் கதிரையில் உட்கார்ந்து, கூட்டம் முடியும்வரை இருந்தேன்.